சின்ன அறைக்குப் பழைய ஸ்பீக்கர் ஜோடி வாங்கும்போது

கேள்வி இதுதான். ஹால் 12 அடிக்கு 10 அடி. சோஃபா, டிவி, புத்தக அலமாரி எல்லாம் அதற்குள்ளேயே. பாட்டு கேட்க ஒரு ஸ்டீரியோ ஜோடி வேண்டும், புதிதாக வாங்க வசதி இல்லை. விற்பனைக்கு இரண்டு ஜோடிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று இடுப்பளவு உயரப் பெட்டி, 12 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பாகம்), மூன்று வழி (தாழ்ந்த, நடு, உச்ச ஒலிகளுக்குத் தனித்தனிப் பாகம்), நாற்பது வயது. இன்னொன்று அலமாரியில் வைக்கும் அளவுள்ள சின்னப் பெட்டி, 5 அங்குல வூஃபர், பத்துப் பன்னிரண்டு வயது. விலை ஏறக்குறைய ஒன்றுதான். எதை எடுப்பது, நேரில் போனால் எதைக் கவனிப்பது?

சின்ன ஜோடியைப் போய்ப் பாருங்கள். பெரியது மட்டமான ஸ்பீக்கராக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. அது மூச்சு விட உங்கள் ஹாலில் இடமில்லை, அதன் வயதுக்குச் சோதித்துப் பார்க்க வேண்டியவையும் நிறைய. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தச் சின்ன ஜோடி கைநழுவிப் போனாலும் அடுத்து வருவதை நீங்களே எடைபோட்டுவிடலாம்.

பழசு வாங்குவதில் தயக்கம் இருந்தால் அதை முதலில் விட்டுவிடுங்கள். மின்சாதனங்களிலேயே பழசாக வாங்கத் தோதானது ஸ்பீக்கர்தான். காந்தம், காயில் என்ற கம்பிச் சுருள், அதிர்ந்து ஒலி எழுப்பும் கோன், ஒரு பெட்டி, அவ்வளவுதான் அதன் உடம்பு. 1954-இல் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் முதல் ஸ்பீக்கரில் எட்கர் வில்ச்சர், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கோனுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்ய வைத்தார். சின்னப் பெட்டியிலிருந்து ஆழமான பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வரும் வழி அப்படித் திறந்தது. அந்த முறையில் இன்றைக்கும் ஸ்பீக்கர் செய்கிறார்கள். சாதாரண ஸ்பீக்கருக்குள் மென்பொருள் கிடையாது, அப்டேட் நின்றுபோகும் கவலையும் இல்லை. பத்திரமாக வைத்திருந்தால் பதினைந்து வருடத்துக்குப் பிறகும் நன்றாகவே பாடும்.

சரி, ஹாலுக்கு வருவோம். ஸ்பீக்கரைப் பற்றி எவ்வளவோ படித்துவிட்டு அறையைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம். ஆனால் பேஸ் விஷயத்தில் கடைசி முடிவை எடுப்பது அறை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய் வரும்போது சில சுருதிகள் மட்டும் பெருகி நிற்கும். அதில் முதல் சுருதியைக் கணக்கிடுவது எளிது. ஒலி ஒரு நொடியில் 343 மீட்டர் போகும், அதைச் சுவர்களுக்கு இடையிலுள்ள தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். உங்கள் 12 அடிக்கு அது சுமார் 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு சுமார் 56. பேஸ் கிட்டாரில் இரண்டாவது தடிமனான தந்தியை அழுத்தாமல் மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். அதாவது அந்த ஒரு சுரம் வரும்போதெல்லாம் உங்கள் அறை சேர்ந்து முழங்கும், பக்கத்துச் சுரத்துக்கு அவ்வளவாக முழங்காது. 12 அங்குல வூஃபர் இந்தச் சுருதிகளை வஞ்சனையில்லாமல் கொட்டும். கேட்பவருக்கோ பாட்டுக்கு அடியில் யாரோ காலிப் பீப்பாயைத் தட்டுவது போலிருக்கும்.

போதாததற்குச் சுவர் வேறு. ஸ்பீக்கரைப் பின்சுவரை ஒட்டி வைத்தால் ஆழ்ந்த பேஸ் 6 டெசிபல் வரை ஏறும், மூலையில் வைத்தால் இன்னும் ஏறும். பெரிய பெட்டியைச் சுவரிலிருந்து மூன்றடி முன்னால் இழுத்து வைக்க 12 அடி ஹாலில் முடியுமா? நடக்க வழி இருக்காது. இன்னொன்றும் உண்டு. மூன்று வழிப் பெட்டியில் வூஃபர், நடு ஒலிக்கான மிட்ரேஞ்ச், உச்ச ஒலிக்கான ட்வீட்டர் மூன்றும் தள்ளித் தள்ளி இருக்கும். அவை கலந்து ஒரே குரலாகக் கேட்க நாம் கொஞ்சம் தூரத்தில் உட்கார வேண்டும். நீங்கள் உட்காரப் போவதோ ஆறேழு அடியில். அந்த நெருக்கத்தில் பாடகரின் வாய் ஓரிடத்திலும் நெஞ்சு வேறிடத்திலும் இருப்பது போலத் தோன்றும்.

இதையே திருப்பிப் பார்த்தால் சின்ன ஸ்பீக்கருக்கு உங்கள் ஹால் நல்ல துணை. நெருங்கி உட்காருவதால் அது கத்த வேண்டியதில்லை. அதற்கு இயல்பாகக் குறைகிற பேஸைச் சுவர் கொஞ்சம் ஈடுகட்டும். இதில் மூடிய பெட்டிக்கும் போர்ட் (காற்று போய்வரும் ஓட்டை) உள்ள பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது. மூடிய பெட்டியில் பேஸ் மெதுவாகச் சரியும், ஒரு ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் கணக்கு பாதியாகக் குறையும்போது) 12 டெசிபல். போர்ட் உள்ளதில் ஒரு எல்லை வரை தாங்கிப் பிடித்துவிட்டு, அதற்குக் கீழே 24 டெசிபல் வீதம் விழும். சுவரை ஒட்டி வைத்தே தீர வேண்டும் என்றால் மூடிய பெட்டி பெரும்பாலும் நிதானமாக நடந்துகொள்ளும். போர்ட் பின்பக்கம் இருக்கும் ஜோடியே அமைந்தாலும் கலங்க வேண்டாம். ஓட்டைக்குள் ஃபோம் உருளை ஒன்றைச் செருகினால் பெருமளவு அடங்கிவிடும். சில தயாரிப்பாளர்கள் அந்த அடைப்பானைப் பெட்டியோடே கொடுத்திருப்பார்கள். விற்பவரிடம் கேளுங்கள், பரண் மேல் எங்காவது கிடக்கும்.

சின்ன அறைக்கென்றே பிறந்த ஸ்பீக்கர்கள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பிபிசி 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ. ஒலிபரப்பு வேனுக்குள், கை எட்டும் தூரத்தில் வைத்துக் கேட்பதற்காகச் செய்தது. சுமார் 5 லிட்டர் மூடிய பெட்டி, உள்ளே கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபரும் டி27 ட்வீட்டரும். உரிமம் பெற்று ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் போன்ற நிறுவனங்கள் தயாரித்தன. மனிதக் குரலை அதில் கேட்டவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். ஆனால் சேகரிப்பவர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள், அதனால் முதல் ஜோடியாக அதைத் துரத்தச் சொல்ல மாட்டேன். வெள்ளைக் கோன் யமஹா என்எஸ்-10 இன்னொரு வகை. 1978-இல் வீட்டுக்கென்று வந்தது, பதிவுக்கூடங்களில் நிலைத்தது, 2001-இல் தயாரிப்பு நின்றது. பதிவில் உள்ள குறையைக் காட்டிக்கொடுக்கும் கருவி அது. மாலையில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேட்க எனக்கு ஒத்துவரவில்லை. கூடத்தில் நாள் முழுக்க உழைத்துத் தேய்ந்தவையாகவும் பல இருக்கும். 2012-இல் வந்த கெஃப் எல்எஸ்50-இல் வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டர் இருக்கிறது. ஒலி ஒரே புள்ளியிலிருந்து புறப்படுவதால் நெருங்கி உட்காருபவருக்கு அருமையாகப் பொருந்தும். இவற்றை விட்டால் வார்ஃப்டேல் டயமண்ட், கெஃப் க்யூ, பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 600 வரிசைகளின் சின்னப் பெட்டிகள் அடிக்கடி கைமாறும். பெயரைவிட நிலைமையைப் பாருங்கள். பேர்போன நோஞ்சானைவிடப் பெயர் தெரியாத ஆரோக்கியமான ஜோடி எவ்வளவோ மேல்.

ஆம்ப்ளிஃபயர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குப் பின்னால் எழுதியிருக்கும் வாட் கணக்கை வைத்துச் சத்தத்தை எடைபோட முடியாது. பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தால் எத்தனை டெசிபல் என்பதுதான் அது. 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். எல்எஸ்3/5ஏ மாதிரி 82, 83-இல் நிற்பவை ஆம்ப்ளிஃபயரைக் கொஞ்சம் உழைக்க வைக்கும். 86, 87 என்றால் உங்கள் ஹாலுக்கு 30 வாட் ஆம்ப்ளிஃபயரே தாராளம். இம்பீடன்ஸ் (மின்தடை) 4 ஓம் என்று போட்டிருந்தால் உங்கள் ஆம்ப்ளிஃபயர் 4 ஓமுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பாருங்கள். இன்னொன்று: ட்வீட்டர் எரிவதற்குப் பெரும்பாலும் காரணம், சின்ன ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் திருகிக் கரகரக்க வைப்பதுதான். விற்பவர் எந்த ஆம்ப்ளிஃபயரில் ஓட்டினார், விருந்துகளில் ஓட்டினாரா என்று பேச்சுவாக்கில் கேட்டு வையுங்கள்.

இனி நேரில் போவது. முக்கியமான பகுதி இதுதான். கிளம்பும் முன்பே, முகப்புத் துணிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு இரண்டு பெட்டியின் வூஃபர், ட்வீட்டர் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்பக்கம் சீரியல் எண் இருக்கும் ஸ்டிக்கரையும்தான். மறுத்தால் போகாதீர்கள்.

என் முதல் ஜோடியில் நான் ஏமாந்தது இங்கேதான். விற்றவர் துணிச் சட்டம் மாட்டியபடியே, மெல்லிய சத்தத்தில் பாட்டுப் போட்டுக் காட்டினார். இனிமையாகத்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து சட்டத்தைக் கழற்றினேன். கோனைச் சுற்றியிருந்த ஃபோம் வளையத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் தெரிந்தது. விரல் நுனியால் தொட்டேன். ஈரத் துரு மாதிரி பழுப்பாக, பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. துணியால் துடைக்கப் போனால் அந்த இடமே உதிர்ந்து, கோனுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஓட்டை. இன்னொரு பெட்டியிலும் அதே கதை. அன்று மாலை பாட்டுக் கேட்கவில்லை.

அந்த வளையத்துக்கு சரவுண்ட் என்று பெயர். பாலியூரித்தேன் ஃபோமில் செய்தது ஈரப்பதத்திலும் வெயிலிலும் தானாக அரிக்கும். உபயோகிக்காமல் மூடி வைத்திருந்தாலும் பத்திலிருந்து இருபத்தைந்து வருடத்துக்குள் போய்விடும். 'அதிகம் ஓட்டவே இல்லை, புதுசு மாதிரி' என்பது இங்கே உத்தரவாதம் ஆகாது. ரப்பர் வளையம் பல மடங்கு தாங்கும், பசை தடவிய துணி வளையம் அதற்கும் மேல். உங்களுக்கு வந்திருக்கும் நாற்பது வயது ஜோடியில் ஃபோம் என்றால், ஒன்று ஏற்கெனவே மாற்றியிருப்பார்கள், இல்லையென்றால் இனி மாற்ற வேண்டியிருக்கும். மாற்றுவது பெரிய வித்தையில்லை. கோனும் காயிலும் நன்றாக இருந்தால் புது வளையம் ஒட்டி உயிர் கொடுத்துவிடலாம். ஆனால் இரண்டு வூஃபருக்கும் சேர்த்தே செய்ய வேண்டும், அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

அப்புறம் கோனை அழுத்திப் பாருங்கள். விற்பவரிடம் கேட்டுவிட்டு, இரண்டு கையின் விரல்களையும் நடுவிலிருக்கும் குமிழைச் சுற்றிச் சமமாக வைத்து, சில மில்லிமீட்டர் மட்டும் உள்ளே தள்ளி விடுங்கள். சத்தமில்லாமல் போய், சத்தமில்லாமல் திரும்ப வேண்டும். காதை அருகில் வைத்துக் கேளுங்கள். மணல்தாள் உரசுவது போல 'சர்ர்' என்று வந்தால் காயில் காந்த இடுக்கில் உரசுகிறது. அசையவே மறுத்தால், பெட்டி கீழே விழுந்து காந்தம் நகர்ந்திருக்கலாம். இரண்டில் எதுவானாலும் வாங்காதீர்கள். நடுக் குமிழ் உள்ளே நசுங்கியிருப்பது மட்டும் பெரும்பாலும் அழகுக் குறைதான், பேரம் பேச உதவும். ட்வீட்டரின் குமிழ் அப்படியில்லை. அங்கே பள்ளம் விழுந்தால் ஒலி மாறும். அதை யாரும் விரலால் தொடக்கூடாது, நீங்களும்தான்.

மல்டிமீட்டர் இருந்தால் எடுத்துப் போங்கள். ஸ்பீக்கரில் எந்த ஒயரும் இல்லாதபோது சிவப்பு, கறுப்பு முனைகளுக்கு இடையே ஓம் அளவைப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் வழக்கமாக ஐந்தரையிலிருந்து ஏழு வரை காட்டும், 4 ஓம் என்றால் மூன்று, மூன்றரை. இரண்டு பெட்டியும் ஒரே எண்ணைச் சொல்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று 6.1, இன்னொன்று 3.4 என்றால் யாரோ வேறு வூஃபரை மாட்டியிருக்கலாம். இந்தச் சோதனையில் ட்வீட்டர் தெரியாது. அதற்குப் போகும் வழியில் கெப்பாசிட்டர் நிற்பதால் மீட்டரின் மின்சாரம் அங்கே எட்டாது. ஆகவே மீட்டர் சரி என்று சொன்னாலும் ட்வீட்டர் செத்திருக்கலாம்.

அதற்குத்தான் காகிதக் குழாய். காகித டவல் சுற்றி வரும் அட்டைக் குழாய் போதும். பாட்டு ஓடும்போது ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ட்வீட்டருக்கு எதிரே அரை அங்குலத்திலும் வைத்துக் கேளுங்கள். பிறகு அடுத்த பெட்டியின் ட்வீட்டர். இரண்டிலும் அதே பளிச்சென்ற 'ஸ்ஸ்' வர வேண்டும். ஒன்று மங்கலாக இருந்தால் காரணங்கள் பல: காந்த இடுக்கில் ஊற்றியிருக்கும் ஃபெர்ரோஃப்ளூயிட் என்ற எண்ணெய் காய்ந்து இறுகியிருக்கலாம், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரின் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வயதாகி மாறியிருக்கலாம். கெப்பாசிட்டரை மாற்றுவது மலிவான வேலை. ட்வீட்டரே போயிருந்தால் அதே மாடல் கிடைக்க அலைய வேண்டும்.

உங்கள் போனை எடுத்துப் போங்கள், ஆம்ப்ளிஃபயரில் செருகும் ஒயரோடு. அவர் போடும் பாட்டை மரியாதைக்கு ஒன்று கேளுங்கள், பிறகு உங்களுக்கு நரம்பு நரம்பாகத் தெரிந்த பாட்டைப் போடுங்கள். அதிக வாத்தியம் இல்லாமல் ஒரு குரல் முன்னால் நிற்பதாக இருக்கட்டும். போன் அமைப்புகளில் இரண்டு பக்கமும் ஒரே ஒலியை அனுப்பும் மோனோ ஆடியோ என்று ஒன்று உண்டு, அதை இயக்கிவிட்டு இரண்டு பெட்டிக்கும் நடுவே, சம தூரத்தில் உட்காருங்கள். குரல் ஒரு பெட்டியிலிருந்தும் வராமல் நட்ட நடுவில், வெறும் காற்றில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் இடது வலது ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். சாய்வும் கூடவே இடம் மாறினால் குறை ஆம்ப்ளிஃபயரிலோ அதற்கு முன்போ இருக்கிறது. அங்கேயே நின்றால் ஸ்பீக்கர் இரண்டும் ஒன்றல்ல. குரல் எங்கே நிற்கிறதென்றே பிடிபடாமல் மண்டைக்குள் கலங்கினால், ஒன்றில் சிவப்பு கறுப்பு மாறி இணைந்திருக்கும். முதலில் வெளியே சரிசெய்து பாருங்கள். வெளியே சரியாக இருந்தும் கலங்கினால் உள்ளே யாரோ கழற்றி மாற்றி மாட்டியிருக்கிறார்கள்.

ஸ்டீரியோவின் உயிர் இந்த ஒற்றுமையில்தான் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இரண்டும் ஒரே மாதிரி வயதாகியிருந்தால் ட்ரெபிள் கொஞ்சம் குறைந்தாலும் மேடை கண்முன்னே விரியும். ஒன்று மட்டும் தளர்ந்திருந்தால் எவ்வளவு நல்ல ஸ்பீக்கரானாலும் அது நடக்காது. சீரியல் எண்கள் அடுத்தடுத்து இருந்தால் சந்தோஷம்.

கிளம்பும் முன் 20-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஸ்வீப் ஒலி ஒன்றை அளவான சத்தத்தில் ஓட்டுங்கள். தளர்ந்த திருகு, பிரிந்த ஒட்டு, கிழிந்த கோன் எதுவாக இருந்தாலும் ஏதோ ஒரு சுருதியில் 'டர்ர்' என்று தன்னைக் காட்டிக்கொள்ளும். பெட்டியின் அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள். தண்ணீர் பட்ட துகள்பலகை ஓரங்களில் பொதுமி நிற்கும், அதைச் சரிசெய்ய வழியில்லை.

உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் வைத்த ஆக்டிவ் ஸ்பீக்கர்கள் இடம் மிச்சம் பிடிக்கும், உண்மைதான். பழசாக வாங்கும்போது நான் தயங்குவேன். அவற்றின் மின்பலகை போனால் உதிரி கிடைப்பது கஷ்டம், வைஃபை உள்ளதென்றால் அதன் செயலியைத் தயாரிப்பாளர் இன்னும் பராமரிக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். அப்படியும் வாங்குவதானால் அரை மணி நேரம் ஓடவிட்டு, பாட்டை நிறுத்தி, ட்வீட்டர் அருகே 'ம்ம்' என்ற உறுமல் வருகிறதா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ரிமோட், இரண்டு பெட்டியையும் இணைக்கும் ஒயர் இரண்டும் கூட வர வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ட்வீட்டர் உட்கார்ந்தபடி உங்கள் காது இருக்கும் உயரத்துக்கு வரட்டும். அலமாரியில் வைப்பதானால் முன் விளிம்பு வரை இழுத்து வையுங்கள், உள்ளே தள்ளினால் பொந்துக்குள்ளிருந்து பேசுவது போலாகும். இரண்டு பெட்டிக்கும் நடுவே ஐந்தாறு அடி, உங்களுக்கும் அதே தூரம். அடியில் நான்கு ரப்பர் துண்டுகள் இருந்தால் அலமாரிப் பலகையும் சேர்ந்து பாடாது. சோஃபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் ஒரு அடியாவது முன்னால் நகர்த்துங்கள், சுவரோரம்தான் பேஸ் குவியும். அறையின் சரிபாதியிலும் உட்கார வேண்டாம், அந்த 47 ஹெர்ட்ஸ் அங்கே காணாமல் போகும். முன்னும் பின்னும் அரை அடி நகர்ந்து நகர்ந்து கேட்டால், பேஸ் சுரங்கள் எல்லாம் ஒரே அளவில் வரும் ஓரிடம் அகப்படும். ஒரு வாரம் அங்கேயே உட்கார்ந்து கேட்ட பிறகு வேறு எதையாவது மாற்றலாமா என்று யோசியுங்கள்.

பெரிய ஜோடியை வைத்திருப்பவரிடம் இடம் போதாது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நல்ல நிலைமையில் இருந்தால் விசாலமான ஹால் உள்ள யாருக்காவது அது அருமையாக அமையும், அவரைக் காத்திருக்க வைக்க வேண்டாம்.